நான்காம் காட்சிக் கடலை

ஈப்போவை அடுத்த ஜெலாப்பாங்கில் வரிசை வரிசையாக நிற்கும் மலிவு வீடுகளில் சிம்மாசனம் உள்ள வீடு ஒன்றே ஒன்றுதான். அது முத்தம்மாவின் வீடு. முன்னறையில் பாதியை அந்தச் சிம்மாசனம் பிடித்துக்கொண்டிருந்தது. பலகையில் செய்து, தங்க நிறக் காகிதம் ஒட்டி, கைப்பிடிக்கு இரண்டு சிங்கத் தலைகள் வைத்தது. ஒரு சிங்கத்துக்கு மூக்கு இல்லை. லோரியில் ஏற்றியபோது போனது. மீதிப் பாதி அறையில் முத்தம்மாவும், அவள் புருஷன் சீனியும், இரண்டு பெண் பிள்ளைகளும், ஒரு தையல் மெஷினும் குடியிருந்தார்கள்.

சிம்மாசனம் முல்லைச்சுடர் கலா மன்றத்துக்குச் சொந்தம். சீனி அந்த மன்றத்தின் செயலாளர், நாடக ஆசிரியர், ராஜா. பகலில் பலகைக் கிடங்கில் லோரி ஓட்டினான். மன்றம் முன்பெல்லாம் பாலாய் ராயாவில்தான் ஒத்திகை பார்த்தது. எட்டு மாதத்துக்கு முன்பு அந்தப் பொது மண்டபத்தின் கூரையைப் பிரித்தார்கள். மழை முடிந்ததும் மாட்டுவோம் என்றார்கள். ஈப்போ பக்கத்தில் மழை முடிந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. அதனால் சிம்மாசனம் முத்தம்மா வீட்டுக்குக் குடிவந்தது. அதன் பின்னாலேயே மந்திரி, சேனாதிபதி, இரண்டு ஒற்றர்கள், புலவர் ஒருவர், வாயிற்காப்போன் என்று அரண்மனையே வந்துவிட்டது.

முத்தம்மாவுக்குச் சட்டை தைக்கும் தொழிற்சாலையில், கிலாங்கில், செக்கர் வேலை. காலை ஏழுக்கு உள்ளே போனால் மூன்றுக்கு வெளியே. ஒரு நாளைக்கு எண்ணூறு சட்டை அவள் கைக்கு வரும். காலர் கோணலா, தையல் பிரிந்திருக்கிறதா, பட்டன் இடம் மாறியிருக்கிறதா என்று பார்த்து, நல்லதை வலப்பக்கமும் ரிஜெக்டை இடப்பக்கமும் போட வேண்டும். ஐந்து ஐந்தாகக் கோடு கிழித்துக் கணக்கு எழுத வேண்டும். வீட்டுக்கு வரும்போது கண்ணுக்குள் காலராக மிதக்கும். கொஞ்சம் படுக்கலாம் என்று பாயை விரித்தால் மழை பிடிக்கும். மழை விட்டால் மந்திரி வருவார். மந்திரியின் காலில் பலகைக் கிடங்கின் சேறு முழுவதும் இருக்கும்.

அது எழுபத்தொன்பதாம் வருஷம். நாடகத்தின் பெயர் 'மகுடம் கேட்ட மாவீரன்'. ஆறு காட்சி. நான்காம் காட்சியில் ராஜா தனியாக நின்று பேசுவார். பேசுவார், பேசுவார், இருபத்திரண்டு நிமிஷம் பேசுவார். சீனி அதை மூன்று மாதமாக மனப்பாடம் செய்ததில், பக்கத்து வீட்டுக் கிளி அதன் முதல் வரியைச் சொல்லப் பழகிவிட்டது. முத்தம்மா சம்பலுக்கு நெத்திலி கிள்ளும்போது, அவளை அறியாமல் வாய் "சிந்திய குருதியின் செந்நிறம் அறிவாயோ" என்று முணுமுணுக்கும். அப்படி முணுமுணுத்த நாளெல்லாம் அவளுக்குத் தன் மேலேயே எரிச்சலாக வரும்.

இந்த நிலையில்தான் மாவட்ட அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. பாலாய் ராயாவின் கூரை மாட்டியாயிற்று. சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கும் சாவி ஒரே ஒரு சங்கத்துக்குத்தான். இரண்டு சங்கங்கள் கேட்டிருக்கின்றன. ஒன்று முல்லைச்சுடர். மற்றது பெர்னார்ட்டின் பூப்பந்துக் கழகம். யாரால் மக்களுக்கு அதிக நன்மை என்று பார்த்துக் கொடுப்பார்கள். கூட வந்த படிவத்தில், அந்தப் போராங்கில், பதினான்கு கேள்விகள். எத்தனை பேர் வருகிறார்கள், எந்த வயது, வந்தவர்களுக்கு என்ன பயன், அதற்கு என்ன ஆதாரம். மூன்று வாரத்துக்குள் கொடுக்க வேண்டும்.

சீனி அதைப் படித்துவிட்டு, கலைக்கு ஆதாரம் கேட்கிறவனுக்கு நெஞ்சு இருக்கிறதா என்று கேட்டான். கைதட்டலை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்றும் கேட்டான். போராங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கைதட்டலுக்குக் கட்டம் இல்லை.

"குடுக்கலன்னா என்னா ஆகும்?" என்று கேட்டாள் முத்தம்மா.

"என்னா ஆகும்? பெர்னார்ட்டு பந்து அடிப்பான். நம்ம மன்றம் இங்கயே இருக்கும் லா. இப்ப என்னா குறஞ்சு போச்சு?"

முத்தம்மா சிம்மாசனத்தைப் பார்த்தாள். அதன் மேல் சின்னவளின் பள்ளிச் சீருடை காய்ந்துகொண்டிருந்தது. மூக்கில்லாத சிங்கம் அவளையே பார்த்தது. அன்றைக்குத்தான் முத்தம்மா கலைக்குத் தொண்டு செய்வது என்று முடிவெடுத்தாள்.

ஆனால் முதலில் அந்தப் பொறுப்பை எடுத்துக்கொண்டவர் மன்றத் தலைவர் உடையப்பன். அவர் ஆத்தங்கரைத் தோட்டத்தில் ஆள் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தவர். கோலா கங்சார் சாலையில் இருந்த அந்தத் தோட்டத்தைத் துரைமார் துண்டு துண்டாக விற்றபோது, அங்கே இருந்த சனமெல்லாம் ஜெலாப்பாங்குக்கு வந்தது. கிராணியும் வந்தார். வேலை போய்விட்டது, சட்டைப் பையில் மூன்று பேனா மட்டும் போகவில்லை. ஆள் கணக்கு எடுப்பதெல்லாம் தனக்குத் தண்ணீர் பட்ட பாடு என்றார். ஒரு நீளமான நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, காலணி போட்டு, வீடு வீடாகப் போனார். போன வருஷ நாடகத்தைப் பார்த்தீர்களா, எத்தனை பேர் பார்த்தீர்கள், என்ன பயன் கிடைத்தது. மூன்றே கேள்வி. ஐம்பத்திரண்டு வீடு. நான்கு நாள்.

போன வருஷம் நாடகத்துக்குக் கூட்டம் வழிந்தது ஊருக்கே தெரியும். கிராணியின் கணக்கில் பார்த்தவர்கள் மொத்தம் பத்தொன்பது பேர்.

உடையப்பன் மறந்துபோன விஷயம் ஒன்று இருந்தது. ஒரு மலிவு வீட்டில் ஆறு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று வீட்டு ஆபீஸின் சட்டம். எந்த வீட்டிலும் ஆறு பேர் இல்லை. எட்டு, ஒன்பது, பதினொன்று. காம்பாரிலிருந்து வேலைக்கு வந்த மச்சான், தாலி அறுத்து வந்த நாத்தனார், போக இடமில்லாத சித்தப்பா. நோட்டுப் புத்தகமும் பேனாவுமாக ஒரு ஆள் சந்துக்குள் நுழைந்தால் மச்சான்மார் எல்லாரும் பின்வாசலால் சாக்கடையைத் தாண்டி அந்தப் பக்கம் நின்றுகொள்வார்கள். தோட்டத்திலேயே பழகிய பழக்கம். தலையை எண்ணிக்கொண்டு போனவன் நல்ல செய்தியோடு திரும்பி வந்ததாக அவர்கள் வாழ்நாளில் இல்லை.

அதனால் எத்தனை பேர் பார்த்தீர்கள் என்றதும், நாங்கள் எங்கேயும் போவதில்லை கிராணி அண்ணே, நானும் அவரும் மட்டும்தான் என்றார்கள். நாடகத்தில் சேனாதிபதியாக நடித்தவன் வீட்டில், அவனே வாசலில் நின்றுகொண்டு, நாடகம் ஒன்றையும் தான் பார்த்ததில்லை என்று சொன்னான். என்ன பயன் கிடைத்தது என்ற கேள்விக்கு நாற்பத்தேழு வீடுகளில் ஒரே பதில். ஒன்றும் கிடைக்கவில்லை. அதில் பாதிப் பேர், பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தார்களா என்றும் விசாரித்திருந்தார்கள்.

உடையப்பன் நோட்டைச் சிம்மாசனத்தின் மேல் வைத்துவிட்டுப் பால் இல்லாத கொப்பி ஓ ஒன்று கேட்டார். முத்தம்மா அடுப்படியிலிருந்து வந்து நோட்டைப் பார்த்தாள். கிலாங்கில் ஒரு லாட் முழுக்க ரிஜெக்ட் ஆனால் சூப்பர்வைசர் எப்படிப் பார்ப்பாளோ அப்படிப் பார்த்தாள்.

"கிராணி அண்ணே, இத கொண்டுபோய்க் குடுத்தா சாவி இல்ல, மன்றத்தையே இழுத்து மூடச் சொல்லுவான்."

"நான் என்னாம்மா செய்ய? சனம் சொன்னத எழுதுனேன்."

"சனத்துக்கிட்ட யாரு கேக்கச் சொன்னா? நான் சட்டைகிட்ட கேட்டா பாக்குறேன், நீ நல்லா இருக்கியான்னு?"

கிராணி கோப்பையை எடுத்து ஒரு வாய் குடித்தார். கொப்பி ஓவில் சர்க்கரை கம்மி என்று மட்டும் சொன்னார்.

இரண்டு வாரம்தான் இருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்குக் கோயில் மண்டபத்தில் நாடகம். ஏழு மணி பூசைக்குள் மண்டபத்தைக் கழுவிக் கொடுத்துவிட வேண்டும். சனத்தைக் கேட்காமல் சனத்தை எப்படி எண்ணுவது என்று முத்தம்மா பஸ்ஸில் வரும்போதெல்லாம் யோசித்தாள். கிலாங் வாசல் பஸ் நிறுத்தத்தில்தான் இருளாயியின் கச்சாங் பூத்தே கடை. கடை என்றால் ஒரு முக்காலி, அதன் மேல் தட்டு, தட்டில் வறுத்த கடலை, பட்டாணி, முறுக்குத் துண்டு, காராபூந்தி. பழைய காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி அதில் அள்ளிப் போட்டுக் கொடுப்பாள். பதினொரு வருஷமாக மன்றத்தின் எல்லா நாடகத்துக்கும் வாசலில் இருளாயி இருந்திருக்கிறாள். உள்ளே வந்ததில்லை. நாடகம் பார்க்க வந்தால் தட்டை யார் பார்ப்பது என்பது அவள் கேள்வி.

"அக்கா, நாடகத்துக்கு எத்தன கூம்பு சுத்திட்டு வருவீங்க?" என்று முத்தம்மா பேச்சுக்குத்தான் கேட்டாள்.

"உங்க மன்றத்துக்கா? முந்நூறு. மத்த மன்றத்துக்கு இருநூறு போதும்."

முத்தம்மாவுக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது. "அவ்வளவு கூட்டமா?"

"கூட்டத்துக்கு இல்லம்மா. உன் புருஷன் பேசுறாருல்ல, அதுக்குத்தான் நூறு கூட." இருளாயி பட்டாணியைக் கிளறிக்கொண்டே, வானிலை சொல்வது போலச் சொன்னாள். "ராஜா தொண்டய கனைச்சாருன்னா நான் ரெண்டாவது டின்ன தொறப்பேன். குடும்பம் குடும்பமா எந்திரிச்சு வரும் லா. நல்ல மனுசன். போன வருசம் அவரு புண்ணியத்துல தட்டு காலி."

பஸ் வந்தது. முத்தம்மா ஏறவில்லை.

அவள் அங்கேயே நின்று மேலும் கேட்டாள். அழுகைக் காட்சி வந்தால் யாவாரம் படுத்துவிடும். சண்டைக் காட்சியில் ஆண்கள் வர மாட்டார்கள், பெண்கள் வருவார்கள். புலவர் பாட ஆரம்பித்தால் சின்னப் பிள்ளைகள் மட்டும் வரும். எல்லாம் இருளாயிக்குத் தெரிந்திருந்தது. ஒரு நாடகத்தையும் பார்க்காமல், எந்த நாடகம் எங்கே தொய்கிறது என்று காட்சி வாரியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் பேராக் முழுவதிலும் அவளாகத்தான் இருக்க வேண்டும்.

அந்த வாரம் முழுக்க முத்தம்மாவும் இரண்டு பெண்களும் சிம்மாசனத்தைச் சுற்றி உட்கார்ந்து கூம்பு சுருட்டினார்கள். முதல் காட்சிக்குத் தமிழ்ப் பத்திரிகை. இரண்டாவதற்குச் சீனப் பத்திரிகை. மூன்றாவதற்குப் பெரியவளின் பழைய கணக்கு நோட்டு. நான்காவதற்குக் கிலாங்கிலிருந்து கொண்டுவந்த பழுப்புக் காகிதம். ஐந்தாவதற்கு மலாய்ப் பத்திரிகை. ஆறாவதற்கு நாட்காட்டித் தாள். ஒவ்வொன்றிலும் நூற்றைம்பது. காட்சி மாறும்போது கூம்புக் கட்டை மாற்றிவிட்டு மிச்சத்தை எண்ண வேண்டும். எந்தக் காட்சியில் எத்தனை பேர் எழுந்து வந்தார்கள் என்று தெரிந்துவிடும். கிலாங்கில் ஒவ்வொரு லாட்டுக்கும் ஒரு நிற நூல் கட்டுவார்களே, அதே முறை. சீனி இது என்ன என்று கேட்டபோது, ஆதாரம் என்று சொன்னாள். அவன் பெருமூச்சு விட்டுவிட்டு, குருதியின் செந்நிறத்துக்குப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கோயில் என்பதால் எல்லாரும் செருப்பை வெளியே விட்டுத்தான் உள்ளே போக வேண்டும். திரை தூக்கிய கால் மணி நேரத்தில் முத்தம்மா நோட்டோடு செருப்பு வரிசையில் இறங்கினாள். செருப்பு பொய் சொல்லாது. சாக்கடையைத் தாண்டி ஒளியாது. முந்நூற்றுப் பன்னிரண்டு ஜோடி. வெறுங்காலோடு வந்த தோட்டத்துப் பெண்கள் இருபத்து மூன்று பேர், அவர்களை முன்பே வாசலில் எண்ணியாயிற்று. ஒற்றையாக ஒரு செருப்பு கிடந்தது. அதை அரை ஆளாகப் போடலாமா என்று கிராணி கேட்டார். முத்தம்மா ஒரு ஆள் என்று எழுதினாள். மடியில் இருந்த குழந்தைகளையும் சேர்த்துக்கொள்ளச் சொன்னார். பால் குடிக்கிற பிள்ளைக்கு மகுடத்தில் என்ன அக்கறை என்று அவள் சேர்க்கவில்லை. மொத்தம் முந்நூற்று முப்பத்தாறு.

இருளாயி வாசலுக்கு வெளியே, ஓலைச் சார்ப்பின் கீழ் உட்கார்ந்திருந்தாள். மூன்று காட்சிகள் ஒழுங்காகப் போயின. மூன்றாம் காட்சி முடியும்போது சுண்ணாம்பு மலைப் பக்கம் வானம் கறுத்தது. ராஜா தொண்டையைக் கனைத்த அதே நேரத்தில் மழை பிடித்தது. சாதாரண மழை இல்லை, செருப்பெல்லாம் மிதந்து கோயில் வாசலைச் சுற்றி ஊர்வலம் போகிற மழை.

சனம் எழுந்து வந்தது. தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு, துண்டைப் போட்டுக்கொண்டு, ஒருவன் பாயையே தூக்கித் தலையில் பிடித்துக்கொண்டு, கச்சாங் வாங்க வந்தது. வாங்கியவர்கள் உடனே உள்ளே போகவும் இல்லை. சார்ப்பின் கீழ் நெருக்கியடித்து நின்று, மழையைப் பார்த்துக்கொண்டு நிதானமாகத் தின்றார்கள். உள்ளே சீனி மழைச் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தினான். முத்தம்மா கோடு கிழித்தாள். அவள் கிழித்தது ஒவ்வொன்றும் தன் புருஷன் மேல் விழுகிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் கை ஐந்து ஐந்தாகவே கிழித்தது.

ஐந்தாம் காட்சிக்குக் கட்டை மாற்றிக் கொடுத்துவிட்டு, கதவருகே போய் நின்றாள். இந்தக் காட்சியில் டோரிஸ் மட்டும்தான். கிலாங்கில் பட்டன் வைக்கிற பெண். வேறு ஆள் கிடைக்காமல் முத்தம்மாதான் அழைத்து வந்தாள். எனக்கு வசனம் மண்டையில் ஏறாது அக்கா என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். அதனால் சீனி வேண்டா வெறுப்பாக அவளுக்கு வசனமே இல்லாத ஒரு காட்சி எழுதினான். போருக்குப் போன சிப்பாயின் பெண்டாட்டி சோறு போட்டு வைத்துக் காத்திருக்கிறாள். திரைக்குப் பின்னால் செத்தவர்களின் பெயரை வாசிக்கிறார்கள். அவ்வளவுதான்.

டோரிஸ் தட்டில் சோறு போட்டாள். கருவாட்டை எடுத்து முள்ளை நீக்கி ஓரத்தில் வைத்தாள். பெயர்கள் வந்தன. ஒரு பெயர் வந்தபோது அவள் திரும்பிப் பார்க்கவில்லை. முள் எடுத்துக்கொண்டிருந்த கை மட்டும் நின்றது. பிறகு மிச்ச முள்ளையும் எடுத்து முடித்தாள். தட்டுச் சோற்றைப் பானையில் திரும்பக் கொட்டினாள். ஒட்டியிருந்த பருக்கையை விரலால் வழித்துப் போட்டாள். தட்டைக் கழுவிக் கவிழ்த்தாள்.

மண்டபத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

திரை விழுந்தபோதுதான் முத்தம்மாவுக்குத் தான் நோட்டை மூடி வைத்திருப்பது தெரிந்தது. பக்கத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். இருளாயி. தலையிலிருந்து தண்ணீர் சொட்ட, கையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, நீங்க எப்ப உள்ள வந்தீங்க?"

"அந்தப் புள்ள சோறு போட்டப்பவே."

"தட்ட யாரு பாக்குறது?"

இருளாயி கரண்டியைப் பார்த்தாள். வெளியே ஓடினாள். சார்ப்பு ஒழுகி மலாய்ப் பத்திரிகைக் கட்டு கூழாகிப் போயிருந்தது. பட்டாணி தண்ணீரில் மிதந்தது.

முத்தம்மாவுக்கு அழுகை வருகிற மாதிரி எரிச்சல் வந்தது. "நீங்க உள்ள வந்துட்டா நான் இத என்னான்னு எழுதுறது? யாரும் வரலன்னா? இல்ல, வந்தவனுக்குக் குடுக்க ஆளு இல்லன்னா? பதினோரு வருசமா வராதவங்க இன்னிக்குத்தானா வரணும்?"

"நான் என்னாம்மா செய்ய. மழ சத்தத்தத் தவிர உள்ள ஒரு சத்தமும் இல்ல. என்னா ஆச்சோன்னு எட்டிப் பாத்தேன்."

வீட்டுக்கு வந்து கணக்கைக் கூட்டினார்கள். முதல் காட்சி முப்பத்தொன்று. இரண்டு, நாற்பத்து நான்கு. மூன்று, முப்பத்தெட்டு. நான்கு, நூற்று இருபத்தேழு. ஆறு, இருபத்திரண்டு. ஐந்தாம் காட்சிக்கு நேரே பூஜ்யம் போட்டுவிடு என்றார் கிராணி. அழகாக இருக்கும் என்றார். முத்தம்மா போடவில்லை. பார்க்காத சட்டைக்கு நல்லது என்று அவள் ஒருநாளும் துண்டு ஒட்டியதில்லை.

சீனி புளிச்சோற்றைப் பிசைந்துகொண்டே அந்தத் தாளைப் பார்த்தான். சோற்றைப் பிசைவது மெதுவாக நின்றது.

"நாலாவதுதான நான்?"

"ஆமா."

"நூத்தி இருவத்தேழா?"

"ஆமாங்க."

"அது மழைக்குப் பயந்து எந்திரிச்ச சனம்."

"மழைக்குப் பயந்தவன் மழைக்குள்ள போயா கச்சாங் வாங்குவான்?"

சீனி கொஞ்ச நேரம் கருவாட்டோடு மல்லுக்கட்டினான். பிறகு மீன் சந்தையில் கேட்கிற குரலில் கேட்டான். "நூறுன்னு போடலாம்ல?"

"நூத்தி இருவத்தேழு."

"நூத்திப் பத்து?"

"நீங்க என்னா மீனா வாங்குறீங்க?"

இதில் ஒரு சங்கடம் இருந்தது. போராங்கை மலாயில் எழுத வேண்டும். அந்த வீட்டில் ஆபீசுக்கு ஏற்ற மலாய் எழுதத் தெரிந்தவன் சீனி மட்டும்தான். அச்சடித்த மாதிரி கையெழுத்து வேறு. அந்தக் கையால்தான் எழுத வேண்டும்.

"என் கைய வச்சே என் கழுத்த அறுக்குற," என்றான் அவன். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் முத்தம்மாவுக்கு ஒரு மாதிரியாக இருந்தது. "மூணு மாசம் முத்தம்மா. லோரி ஓட்டும்போதெல்லாம் அதான். சாலாக் சந்திப்புல சிவப்பு விழுந்தா, பச்ச விழறதுக்குள்ள ஒரு பக்கம் சொல்லிருவேன்."

"எனக்குத் தெரியாதா? எனக்கே மனப்பாடம்."

"நல்லா இல்லையா அது?"

அவள் அவன் தட்டில் இன்னும் ஒரு கரண்டி சோறு போட்டாள். "நல்லாத்தான் இருக்கு. நீளம். கை நீளமா தச்சிருந்தா ரிஜெக்ட்டுதான், துணி நல்ல துணியா இருந்தாலும்."

சீனி கையைக் கழுவினான். சிம்மாசனத்தில் போய் உட்கார்ந்தான். போராங்கைத் தொடையில் வைத்துப் பேனாவைத் திறந்தான். குறிப்புக் கட்டத்தில் மழை பெய்தது என்று எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டான். பெய்தது உண்மைதானே, எழுதுங்கள் என்றாள். ஐந்தாம் காட்சிக்கு என்ன எழுதுவது என்று கேட்டான். அவள் சொன்னதை அப்படியே மலாயில் எழுதினான். எண்ண முடியவில்லை. கச்சாங் விற்பவரும் உள்ளே வந்து பார்த்துக்கொண்டிருந்தார். எண்ண வேண்டியவரும் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாவட்ட அலுவலகத்துக்குச் சீனியோடு அரைநாள் லீவு போட்டு முத்தம்மாவும் போனாள். பெர்னார்ட் முன்பே வந்து உட்கார்ந்திருந்தான். வெள்ளை நிறக் கால்சட்டை, மடியில் ஆட வருகிறவர்கள் கையெழுத்துப் போடும் தடித்த புத்தகம்.

"என்னா மச்சான், ராஜா நேர்லயே வந்துட்டாரு? சிம்மாசனத்த எங்க விட்டீங்க?" என்றான் பெர்னார்ட்.

"பந்து பொறுக்குறவன்கிட்ட ராஜா பேசுறதில்ல," என்றான் சீனி. நான்காம் காட்சிக்குப் பிறகு அவன் பேசிய மிகச் சிறிய வசனம் அது.

அதிகாரியின் பெயர் ஹம்சா. முதலில் பெர்னார்ட்டின் புத்தகத்தைப் புரட்டி, வருஷத்துக்கு எழுநூற்று இருபத்தெட்டுப் பேர் என்று படித்தார். நல்ல எண்ணிக்கை என்றார். முத்தம்மா அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் பார்க்கலாமா துவான் என்று மரியாதையாகக் கேட்டாள். பார்த்தாள். பதினான்கு கையெழுத்து. ஐம்பத்திரண்டு வாரம். ஒரே சட்டையை ஐம்பத்திரண்டு தடவை எண்ணினால் ஐம்பத்திரண்டு சட்டை ஆகாது என்று தனக்குத் தெரிந்த சந்தைப் பேச்சில், பாசார் மலாயில் சொன்னாள். பெர்னார்ட் ஜன்னலுக்கு வெளியே எதையோ மிகவும் கவனமாகப் பார்த்தான்.

பிறகு ஹம்சா அவர்களுடைய தாளை எடுத்தார். செருப்புக் கணக்கில் ஒரு தரம் புருவத்தைத் தூக்கினார். நான்காம் காட்சிக்கு வந்ததும் நிறுத்தினார். இந்தக் காட்சியில் நடித்தது யார் என்று கேட்டார். சீனி பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்கினான். தன்னைப் பற்றித் தானே இப்படி எழுதிக்கொண்டு வருகிற சங்கத்தை இதுவரை பார்த்ததில்லை, எதற்காக எழுதினீர்கள் என்று அதிகாரி கேட்டார். சீனி பெண்டாட்டியைப் பார்த்தான்.

"எங்க கிலாங்குல, ரிஜெக்ட்டே இல்லாத செக்கிங் பேப்பர யாரும் நம்பமாட்டாங்க துவான். எண்ணாம எழுதிட்டான்னு திருப்பி அனுப்பிடுவாங்க," என்றாள் முத்தம்மா.

ஹம்சா ஐந்தாம் காட்சியின் குறிப்பை இரண்டு தரம் படித்தார். அப்புறம் அந்தக் கச்சாங் என்ன ஆயிற்று என்று கேட்டார். நனைந்துவிட்டது துவான், எல்லாம் வீண் என்றாள் அவள். அவர் ஏதோ எழுதினார். எழுதியதைக் கையால் மறைத்துக்கொண்டார்.

பத்து நாளில் பதில் வந்தது. சனி, ஞாயிறு சாவி முல்லைச்சுடருக்கு. வாரநாள் சாயங்காலம் ஐந்தும் பூப்பந்துக்கு. பெர்னார்ட் இரண்டு கேட்ட இடத்தில் ஐந்து கிடைத்ததை ஒரு வாரம் கழித்துத்தான் கவனித்தான். கவனித்த பிறகும் தனக்கு அநியாயம் நடந்ததாகவே சொல்லிக்கொண்டு திரிந்தான். மன்றம் செலவு போட்டு இருளாயிக்குப் புதுத் தகரச் சார்ப்பு அடித்துக் கொடுத்தது. டோரிஸ் அடுத்த நாடகத்திலும் தனக்கு வசனம் வேண்டாம் என்றாள். இந்தத் தடவை சீனி வாதாடவில்லை.

சிம்மாசனத்தை ஞாயிறு காலையில் லோரியில் ஏற்றுவதாக ஏற்பாடு. சனிக்கிழமை மத்தியானம் முத்தம்மா ஷிப்ட் முடிந்து வந்தாள். பிள்ளைகள் டியூசனுக்குப் போயிருந்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. நாளையிலிருந்து இந்த நேரத்தில் முன்னறை முழுக்கப் பாய் விரிக்கலாம் என்று கணக்குப் போட்டுக்கொண்டே முகம் கழுவினாள்.

திரும்பினால் சீனி கையில் ஒரு கூம்போடு நிற்கிறான். பழுப்புக் காகிதம். நான்காம் காட்சியில் விற்காமல் மிஞ்சிய இருபத்து மூன்றில் ஒன்று.

"இருளாயி அக்காகிட்ட வாங்குனேன். இந்தா, பிடி. அப்படி உக்காரு."

"எதுக்கு?"

"கொறச்சிருக்கேன். நாலு நிமிசம். நீ சும்மா தின்னுக்கிட்டுக் கேளு. எத்தன தின்னேன்னு அப்பறம் பாக்கலாம்."

முத்தம்மாவுக்குத் தலைவலி இருந்தது. படுத்தால் போதும் என்று இருந்தது. அதையெல்லாம் சொல்ல வாயெடுத்தவள், தையல் மெஷினின் முக்காலியில் உட்கார்ந்தாள். கூம்பைப் பிரித்து, உள்ளே இருந்த கடலையை மடியில் அதே தாளின் மேல் பரப்பி ஐந்து ஐந்தாகப் பிரித்தாள். முப்பத்தைந்து. சீனி மூக்கில்லாத சிங்கத்தின் மேல் கையை வைத்தான். இந்தத் தடவை தொண்டையைக் கனைக்கவில்லை.

அவன் பேசினான். குருதியின் செந்நிறம் போயிருந்தது. வானத்து மின்னலும் கடலின் ஓலமும் போயிருந்தன. போருக்கு அனுப்பியவர்களின் பெயர்களை மட்டும் ராஜா ஒவ்வொன்றாகச் சொல்லி, யாரும் வராத வாசலைப் பார்த்தான். மழைக்கு மேல் குரலை உயர்த்தவும் இல்லை. முத்தம்மா அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பல வருஷம் கழித்து, கண்ணுக்குள் காலர் எதுவும் மிதக்காமல் பார்த்தாள்.

முடிகிற இடம் அவளுக்குத் தெரிந்தது. மடியைப் பார்த்தாள். முப்பத்தைந்தும் அப்படியே இருந்தன. இதை இப்படியே விட்டால் இந்த மனுஷனுக்குத் தலை கால் புரியாது. அடுத்த வாரமே இருபத்திரண்டு நிமிஷத்துக்குப் போய்விடுவான். கடைசி வரிக்குச் சற்று முன்னால், ஒரே ஒரு கடலையை எடுத்து, அவன் பார்க்கும்படி வாயில் போட்டுக்கொண்டாள்.